மோதினார் கொண்டுபோன பதில்

எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் நின்றது. ஜமாஅத் கூடும் நாளில் வழக்குள்ள பெண் அந்த மரத்தடியில்தான் நிற்பாள். உட்கார இடமில்லாமல் இல்லை, மரத்தின் வேர் ஒன்று பெஞ்சு உயரத்துக்குப் புடைத்திருக்கும். ஆனால் பெரியவர்கள் உள்ளே கூடியிருக்கும்போது வெளியே ஒரு பெண் உட்காருவது மரியாதை ஆகாது. 1987இல் என் பெரியம்மா அங்கே நின்றார். வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்தி, அதன் ஓரத்தைப் பல்லில் கடித்திருந்தார். எனக்கு அப்போது பதினோரு வயது. துணைக்கு யாராவது வேண்டும் என்று என்னை அழைத்துப் போயிருந்தார்கள்.

உள்ளே பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி, செயலாளர், ஊர்ப் பெரியவர்கள், பெரியம்மாவின் கணவர், அவருடைய அண்ணன். நன்னா, அம்மாவின் தகப்பனார், மௌத்தாகிவிட்டதால் பெரியம்மா பக்கத்துக்கு என் அத்தா (அப்பா) உட்கார்ந்திருந்தார். உள்ளிருந்து கேள்வியைக் கொண்டுவருவதும் வெளியிலிருந்து பதிலைக் கொண்டுபோவதும் மோதினாரின் வேலை. ஐந்து வேளை பாங்கு சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போன மனிதர். செருப்பை மாட்டுவார், வருவார், கேட்பார், போவார், கழற்றுவார். அன்று ஏழெட்டு முறை மாட்டிக் கழற்றியிருப்பார்.

"வாழச் சம்மதமா என்று கேட்கிறார்கள்."

"அவர் வந்து கூப்பிட்டால் போகிறேன். அவருடைய அம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டால் போக மாட்டேன்."

மோதினார் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார். இருபதடி தூரம்தான் இருக்கும். அந்த இருபதடிக்குள் முதல் வாக்கியம் எங்கேயோ விழுந்துவிட்டது. "போக மாட்டேன் என்கிறாள்" என்றுதான் உள்ளே போய்ச் சேர்ந்ததாம். அன்றிரவு சாப்பிட உட்கார்ந்த அத்தா, "உங்கள் அக்கா ஒரே வார்த்தையில் வெட்டிவிட்டார், நான் என்ன பேசுவது?" என்று அம்மாவிடம் சத்தம் போட்டபோதுதான் எங்களுக்கு அது தெரிந்தது. பெரியம்மா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தலாக்குக்குப் பின் பெண் காத்திருக்கும் இத்தா காலத்துக்கு மாதம் 100 வீதம் 300 ரூபாய், மாப்பிள்ளை தர வேண்டிய மஹர் 101 ரூபாய், ஆக 401. பதினான்கு வருடக் கணக்கு அதோடு தீர்ந்தது.

கைக்கூலியாக, அதாவது வரதட்சணையாக, கொடுத்த 10,000 ரூபாயும் பதினைந்து பவுனும் என்னவாயின என்று அத்தா கேட்டிருக்கிறார். ஜமாஅத்தின் பதிவேடான தப்தரைப் புரட்டினார்கள். நிக்காஹ் தப்தரில் மணமகன் பெயர், மணமகள் பெயர், வலி (பெண்ணின் பொறுப்பாளர்), வக்கீல் (பெண் சார்பில் பேசுபவர்), சாட்சிகள், மஹர் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. கைக்கூலிக்குக் கட்டம் இல்லை. இஸ்லாத்தில் இல்லாத ஒன்றுக்கு எப்படிக் கட்டம் போடுவது? மார்க்கம் அனுமதிக்காததால் எழுதவில்லை, எழுதாததால் திருப்பித் தரச் சொல்ல முடியவில்லை. அவர்கள் வரையில் நியாயமாகத்தான் நடந்துகொண்டார்கள். (சில ஊர்களில் கைக்கூலியில் பள்ளிவாசலுக்கு ஒரு பங்கு வாங்குவதும் வழக்கமாக இருந்தது. அங்கே தொகை எழுதப்பட்டிருக்கும், பள்ளிவாசல் கணக்கில்.)

முஸ்லிம் அல்லாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். ஜமாஅத் என்றால் கூட்டம், அவ்வளவுதான். தொழுகைக்குச் சேர்ந்து நிற்பதும் ஜமாஅத்தான். தமிழ்நாட்டு ஊர்களில் அது ஒரு பள்ளிவாசலைச் சுற்றிய குடும்பங்களையும், அவர்களுக்காக முடிவெடுக்கும் நிர்வாகத்தையும் குறிக்கும். வெளியூரில் பெண் எடுக்க வேண்டுமானால் ஜமாஅத் கடிதம் வேண்டும். மௌத்தானால் அடக்கம் செய்ய மையவாடியில் இடம் வேண்டும். இரண்டையும் நிறுத்திவைக்க முடிகிற நிர்வாகத்துக்குப் போலீஸ் எதற்கு? அதே ஜமாஅத்துதான் ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு வசூல் செய்யும், நோன்புக் கஞ்சி காய்ச்சும், அனாதைப் பிணத்தை அடக்கும். அதையும் சொல்லாமல் விட்டால் என் அத்தா கபரிலிருந்து எழுந்து வந்து கேட்பார்.

பதினெட்டு வயதில் புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் தட்டச்சு படித்தேன். பிறகு நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டச்சு, ஜெராக்ஸ் கடையில் வேலை. பக்கத்துக்கு மூன்று ரூபாய். மனுக்கள்தான் பிழைப்பு. நூறு மனு அடித்தால் மனித வாழ்க்கை மொத்தமும் எட்டு வகைக்குள் அடங்கிவிடுவது தெரியும். அதில் ஒரு வகையை மட்டும் அடிக்கும்போது கை தானாக மெதுவாகும்: 'உயர்திரு ஜமாஅத் தலைவர் அவர்கள் சமூகத்திற்கு.' அந்த மனுவை எழுதச் சொல்லி வருவது தகப்பன், அண்ணன், தாய்மாமன். பெண் கடைக்கு வெளியே நிற்பாள். என் கடை வாசலில் வேப்பமரம் இல்லை, கரண்ட் கம்பம் இருந்தது.

தலாக் கடிதமும் அடித்திருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் சபுராளி, கடல் கடந்து சம்பாதிக்கப் போனவர். சிங்கப்பூர், மலேசியா, பிறகு வளைகுடா. விடுமுறையில் வந்த ஒருவர் ஐந்து வரியில் மூன்று தலாக்கையும் முடித்துக்கொண்டு இரண்டு நகல் கேட்டார், ஒன்று ஜமாஅத்துக்கு, ஒன்று மனைவிக்கு. ஒரு பெண்ணிடம் இதை அடிக்கக் கொடுக்கிறோமே என்ற கூச்சம் துளியும் இல்லை. படித்துப் பார்த்துவிட்டு, தன் இனிஷியல் தவறாக இருப்பதாகத் திருத்தச் சொன்னார். மனைவியின் பெயரிலும் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதை நானே கவனித்துக் கேட்டேன். "பரவாயில்லை, அவளுக்குத் தெரியும்" என்றார்.

கொஞ்சம் துணிந்த பெண்கள் போலீஸ் நிலையம் போவார்கள். அங்கே, "உங்கள் ஜமாஅத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், மத விஷயத்தில் நாங்கள் வர முடியாது" என்பார்கள். ஜமாஅத்துக்குப் போனால், "பெண்பிள்ளை போலீஸுக்குப் போன பிறகு நாங்கள் எதற்கு?" என்பார்கள். 1985இல் ஷா பானு வழக்கில், தலாக் ஆன முஸ்லிம் பெண்ணுக்கும் ஜீவனாம்சம் உண்டு என்றது உச்ச நீதிமன்றம். அடுத்த வருடமே நாடாளுமன்றம் வேறு சட்டம் கொண்டுவந்தது. டெல்லியில் அந்த இழுபறி நடந்த காலத்தில், இங்கே ஒரு பெண் இரண்டு வாசல்களுக்கு நடுவில் பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

பின்னால் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத் அமைத்த ஷரீஃபா கானம் இந்த இடத்தில்தான் வருகிறார். மணப்பாறைப் பக்கத்துக் குடும்பம், பத்துப் பிள்ளைகளில் கடைசி. தாய் ஆசிரியை. அலிகரில் கொஞ்ச காலம் படித்ததில் இந்தி வந்துவிட்டது. அந்த இந்திதான் அவரை 1988இல் பாட்னாவில் நடந்த பெண்கள் அமைப்புகளின் மாநாட்டுக்குக் கொண்டுபோனது. தமிழ்நாட்டுப் பெண்களுக்கு மொழிபெயர்க்கப் போனார். இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் சிலிர்ப்பும் சேர்ந்தே வரும். எங்கள் மோதினாருக்கும் அவருக்கும் ஒரே வேலை, ஒருவர் பேச்சை இன்னொருவரிடம் கொண்டுபோவது. ஷரீஃபா வழியில் எதையும் கீழே போடவில்லை போலும்.

1991இல் புதுக்கோட்டையில் அவர் 'ஸ்டெப்ஸ்' என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். அப்போது அது முஸ்லிம் பெண்களுக்கான அமைப்பு அல்ல. அடி வாங்கியவள், விரட்டப்பட்டவள், ஏமாற்றப்பட்டவள், எந்தச் சாதியானாலும் வரலாம். காலமும் தோதாக இருந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த அந்த வருடங்களில் அறிவொளி இயக்கம் மாவட்டத்தையே உலுக்கியது. பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். கல்குவாரியில் உடைத்தவர்கள், பூக் கட்டியவர்கள், எங்கள் தெருப் பெண்கள் சிலரும். புர்காவைச் சங்கிலியில் சிக்காமல் இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டுவதற்கு ஒரு தனித் தொழில்நுட்பமே உருவாயிற்று. என் பெரியம்மா சைக்கிள் ஓட்டவில்லை. ஆனால் இரவு வகுப்பில் உட்கார்ந்து தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார். சிலேட்டில் எழுதி, அழித்து, எழுதி. நாற்பத்தைந்து வயதில்.

ஸ்டெப்ஸுக்கு வந்த வழக்குகளில் முஸ்லிம் பெண்களுடையவை மட்டும் ஒரு கட்டத்தில் சுவரில் முட்டி நின்றன. மற்றப் பெண்களுக்குப் போலீஸ், நீதிமன்றம் என்று நேர்வழி இருந்தது, இழுத்தடித்தாலும். எங்கள் பெண்களின் வழக்கு சுற்றிச் சுற்றிப் பள்ளிவாசல் மதிலில் போய் நின்றது. தலாக் செல்லுமா, பிள்ளை யாருக்கு, சீர் யாருக்கு என்று முடிவு சொல்லும் அறைக்குள் பெண்ணுக்கு இடமில்லை. பல மாவட்டங்களில் பெண்களைச் சந்தித்துப் பேசியபோது எல்லா ஊரிலும் ஏதோ ஒரு வேப்பமரம் இருந்தது தெரிந்தது. 2003, 2004இல் பெண்களே ஒரு ஜமாஅத் அமைத்தார்கள்: தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்.

பெயரில்தான் நெருப்பு பற்றியது. மன்றம், சங்கம், நலச் சங்கம், என்ன பெயர் வைத்திருந்தாலும் ஊர் பொறுத்திருக்கும். தையல் வகுப்பு நடத்தியிருந்தால் முத்தவல்லியே வந்து ரிப்பன் வெட்டியிருப்பார். 'ஜமாஅத்' என்று வைத்தார்கள். கூட்டம் என்று மட்டுமே பொருள்படும் ஒரு சொல்லைப் பெண்கள் எடுத்துக்கொண்டதும், அது யார் கையில் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இந்த அமைப்பு வளர்ந்ததற்கு மார்க்க விளக்கங்களோ பெண்ணுரிமைப் பேச்சோ முதல் காரணம் என்று நான் நினைக்கவில்லை. தட்டச்சுக்காரி கண்ணோட்டத்தில் எனக்குத் தெரிவது வேறு. ஆண்கள் ஜமாஅத்தின் பலம் மூன்று பொருள்களில் இருந்தது: உட்காரும் இடம், முத்திரை வைத்த கடிதம், பூட்டிவைத்த தப்தர். பெண்கள் இந்த மூன்றையும் அப்படியே செய்துகொண்டார்கள். மற்றதெல்லாம் பின்னால் வந்தது.

2005 வாக்கில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாக ஓர் அமர்வுக்குப் போயிருந்தேன். முதல் நாள் இரவே பஸ் பிடித்து வெளி மாவட்டங்களிலிருந்து பெண்கள் வந்திருந்தார்கள். பாய் விரித்திருந்தது. குழந்தைகள் அங்குமிங்கும். ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒரு வழக்கு முழுவதையும் கேட்டாள், நடுவில் இரண்டு கேள்வியும் கேட்டாள். இரண்டுமே கூர்மையானவை. விசாரிக்க உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் மனு கொண்டுவந்தவர்கள்தான். வழக்கு முடிந்து வீட்டுக்குப் போகாமல் அங்கேயே தங்கிவிட்ட மாதிரி, அடுத்தவள் கதையைக் கேட்க மறுபடி மறுபடி வந்தார்கள். அமைப்பு பெருகிய விதம் இதுதான். உறுப்பினர் சீட்டுப் போட்டு யாரும் தெருத் தெருவாக ஆள் பிடிக்கவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணவர் அம்மாவோடு வந்தார். வந்ததும் நாற்காலி தேடினார். இல்லை. பாயின் ஓரத்தில், ஒரு கால் வெளியே இருக்கும்படி உட்கார்ந்தார். என்ன கேட்டாலும் அம்மா பதில் சொன்னார். மகனுக்கு என்ன வயிற்றுவலி, மருமகள் குழம்பில் என்ன உப்பு, எல்லாம். எதிரில் இருந்த ஓர் அம்மாள், வெற்றிலை போட்ட வாய், "உங்கள் மகன் வாய் பேச மாட்டாரா? அப்படியானால் கல்யாணத்தன்று சம்மதம் என்று கபூல் சொன்னது யார்?" என்றார். பாய் முழுதும் சிரித்தது. மருமகளும் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதன் பிறகு மகன் பேசினார். பேசியதில் பெரிதாக ஒன்றும் இல்லை. சேர்ந்து வாழ முடியாது, அவ்வளவுதான். அவளுக்கும் அதுதான். பொருள்களின் பட்டியல் போட உட்கார்ந்தார்கள். கட்டில், பீரோ, பித்தளை அண்டா இரண்டு, தையல் மெஷின், ஒன்பது பவுன். நான்கு பவுனை விற்றுவிட்டதாக அவர் ஒப்புக்கொண்டார். என்ன விலைக்கு, எந்த மாதம், எந்தக் கடையில் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். எல்லாம் பிறகு வரட்டும், மெஷின் மட்டும் முதலில் வேண்டும் என்றாள் அவள். கையெழுத்தாயிற்று. மூன்று வாரத்தில் மெஷின் வந்தது, பாபின் கேஸைக் கழற்றி வைத்துக்கொண்டு. புதுக்கோட்டையில் அதைப் புதிதாக வாங்கிக் கொடுத்தது நான்தான். இன்றும் அந்த மெஷின் ஓடுகிறது.

கடிதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், என் தொழில் அது. மனு வந்ததும் பதிவு செய்வார்கள். கணவருக்கு ஒரு கடிதம், அவருடைய மஹல்லா ஜமாஅத்துக்கு ஒரு கடிதம்: இன்ன தேதியில் விசாரணை, இரு தரப்பும் வரவும். வராவிட்டால் பெண்கள் கூட்டமாக ஊருக்கே போவார்கள். அதற்கும் மசியாவிட்டால் போலீஸ், இலவசச் சட்ட உதவி, குடும்ப நீதிமன்றம். அண்ணன் தம்பி எழுதிய மனுவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முதல் வரியிலேயே தெரியும். பழைய மனுவில் 'எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு' என்று இருக்கும். இதில் 'நான்' என்று இருக்கும். 'நான்' என்று தொடங்கிய மனுவை ஒரு முஸ்லிம் பெண் சொல்லச் சொல்ல நான் முதன்முதலாக அடித்தது அந்த வருடங்களில்தான்.

எதிர்ப்பு பலமாக இருந்தது. வெளிநாட்டுப் பணம், மார்க்கம் தெரியாதவர்கள், தலையில் முக்காடில்லாதவர்கள், குடும்பம் கெடுப்பவர்கள். என் அத்தா இதில் கடைசிச் சொல்லைத்தான் பயன்படுத்தினார். ஒருநாள் அவரிடம், "குர்ஆனில் ஐம்பத்தெட்டாவது சூராவுக்கு முஜாதலா என்று ஏன் பெயர்?" என்று கேட்டேன். தர்க்கம் செய்கிறவள் என்று பொருள். 'நீ எனக்குத் தாயைப் போல' என்று சொல்லித் தன்னை ஒதுக்கிய கணவனைப் பற்றி ஒரு பெண் நபியிடம் நேரே வந்து வாதாடினாள், அவள் முறையீட்டை அல்லாஹ் கேட்டான் என்றுதான் அந்த சூரா தொடங்குகிறது. "அவளுக்கும் நபிக்கும் நடுவில் மோதினார் இருந்தாரா அத்தா?" என்றேன். அவர் தஸ்பீஹ் மாலையை உருட்டிக்கொண்டே, "நீ ரொம்பப் படித்துவிட்டாய்" என்றார். அவர் திட்டுகிறாரா இல்லையா என்பது அவர் முகத்தில் எப்போதுமே தெரியாது.

நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்கிறேன். 1980களிலிருந்து இஸ்லாமியச் சீர்திருத்தம் பேசிய தவ்ஹீது இயக்கத்தினர் கைக்கூலிக் கல்யாணங்களைப் புறக்கணித்தார்கள், பெண்களைப் பள்ளிவாசலுக்குள் தொழக் கூப்பிட்டார்கள். காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் என்ற தொழுமிடங்கள் நெடுங்காலமாக உண்டு. தொழ இடம் கொடுக்க மனம் வந்தவர்கள் பலர். தீர்ப்புச் சொல்லும் பாயில் இடம் கொடுக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

அதனால்தான் பள்ளிவாசல் யோசனை வந்தது. பள்ளிவாசல் இருப்பதால்தானே ஜமாஅத்துக்கு அதிகாரம், அப்படியானால் நாங்களும் ஒன்று கட்டுகிறோம் என்றார்கள். புதுக்கோட்டை மாவட்டம் பரம்பூரில் இடம், அஸ்திவாரம். உலகப் பத்திரிகைகள் எல்லாம் வந்தன. பெண்களின் பள்ளிவாசல் என்றதும் படம் பிடிக்க வந்தவர்களின் எண்ணிக்கை, செங்கல் கொடுக்க வந்தவர்களின் எண்ணிக்கையைவிட அதிகம். பணமில்லாமல் கட்டட வேலை தேங்கியது. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. கட்டடம் கட்டுவதற்கு முன்பே வழக்கு விசாரிக்கத் தொடங்கிவிட்ட ஜமாஅத் அது. ஆனால் ஒவ்வொரு செய்தியிலும் அந்தப் பள்ளிவாசலே தலைப்பாக வந்தது. அண்டா, மெஷின், பவுன் யாருக்கும் தலைப்பாகவில்லை.

2010களின் தொடக்கத்தில் 12 மாவட்டங்கள், 12,000 உறுப்பினர்கள், 8,000க்கு மேல் வழக்குகள் என்று கணக்குச் சொன்னார்கள். பெரிய எண்தான். ஆனால் 'தீர்ந்த வழக்கு' என்றால் என்ன என்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பாபின் கேஸ் இல்லாமல் வந்த மெஷினும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆண்கள் தப்தரில் என் பெரியம்மாவின் 401 ரூபாயும் தீர்ந்த வழக்குதான். இரண்டுக்கும் நடுவில் தூரம் எவ்வளவு என்பது எண்ணில் தெரியாது.

விமர்சனம் இடப்பக்கத்திலிருந்தும் வந்தது. மதத்தின் பெயரால் இன்னொரு பஞ்சாயத்து எதற்கு, சட்டம் இருக்கிறதே என்றார்கள் படித்த தோழிகள். சட்டம் இருந்தது, உண்மை. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முஸ்லிம் மனைவி நீதிமன்றத்தில் மணவிலக்குக் கேட்கலாம். என் கடையில் பதினைந்து வருடத்தில் அதன்படி அடித்த மனுக்கள் கைவிரலுக்குள் அடங்கும். 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கிலும், 2002இல் ஷமீம் ஆரா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் நல்ல தீர்ப்புகள் தந்தது. கணவன் எதிர்காலத்துக்கும் சேர்த்து இத்தாவுக்குள் ஏற்பாடு செய்ய வேண்டும், காரணமும் சமரச முயற்சியும் இல்லாத தலாக் தலாக்கே அல்ல. அந்தத் தீர்ப்பு எங்கள் ஊர் மதிலைத் தாண்டி உள்ளே போக ஆள் வேண்டியிருந்தது. சென்னையில் வழக்கறிஞர் பதர் சயீத் தொடுத்த வழக்கில், காஜிகள் தரும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்துதான், நீதிமன்றத்தில் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2017 ஜனவரி ஆயிற்று. அதே வருடம் ஆகஸ்டில் முத்தலாக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2019இல் மூன்று வருடம் வரை சிறை என்று சட்டம் வந்தது.

அந்தச் சிறையைப் பற்றி என்னிடம் கேட்டால், உள்ளே போனவன் சோறு போடுவானா என்றுதான் திருப்பிக் கேட்பேன். பாயில் உட்கார்ந்து பார்த்தவரை, மனு கொண்டுவந்த பெண்களில் கணவன் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று கேட்டவர்கள் அபூர்வம். பிள்ளைக்குப் பணம், நகை, தங்க ஓர் இடம், 'நான் கெட்டவள் இல்லை' என்று ஊர் முன்னால் ஒரு சொல். கடைசியில் சொன்னதுதான் அதிகம் பேர் கேட்டது. அதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு கிடையாது.

வடக்கே 2007இல் தொடங்கிய பாரதிய முஸ்லிம் மகிளா ஆந்தோலனும் பிறகு மும்பையில் பெண்களே நடத்தும் ஷரியத் அதாலத் (நீதிமன்றம்) வைத்தது. அதைப் படித்தபோது எங்கள் பெண்கள் முன்னோடிகள் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். பெருமைப்பட எனக்கு என்ன உரிமை? ஒரு பாபின் கேஸ் வாங்கிக் கொடுத்தேன், கொஞ்சம் கடிதம் அடித்தேன்.

பெரியம்மாவை அந்தப் பாய்க்கு அழைத்துப் போனது 2006இல். அவருக்கு வழக்கு என்று எதுவும் மிச்சமில்லை. கணவர் மௌத்தாகி நாலைந்து வருடம் ஆகியிருந்தது. சும்மா பார்க்கலாம் வாருங்கள் என்றுதான் கூப்பிட்டேன். உள்ளே போகாமல் நிலைப்படியில் நின்றுகொண்டார், துப்பட்டியின் ஓரம் பல்லில். "உட்காருங்கள் அம்மா" என்று இரண்டு மூன்று பேர் கூப்பிட்ட பிறகு பாயின் நுனியில் உட்கார்ந்தார். மத்தியானம்வரை மற்றவர்கள் கதையைக் கேட்டார். சாப்பாட்டுக்கு எழும் நேரத்தில், வெற்றிலை போட்ட அதே அம்மாள், "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார்.

"தப்தரில் என்ன எழுதினார்கள் என்று தெரிய வேண்டும்" என்றார் பெரியம்மா.

பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் எங்களிடம் கேட்டதில்லை. அங்கேயே எங்கள் ஊர் ஜமாஅத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள், நகல் கேட்டு. வராது என்று நான் உறுதியாக இருந்தேன். அதற்குள் செயலாளர் மாறியிருந்தார், அறிவொளி வகுப்பில் தொண்டராக இருந்த பையன். ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஜெராக்ஸ் வந்தது. ஓரங்கள் கறுத்து, பழைய நீல மை எழுத்து பாதி விழாமல். 'பெண் வாழ மறுத்துவிட்டபடியால்' என்று தொடங்கி நான்கு வரி. கீழே ஆறு கையெழுத்து. மூன்றாவது என் அத்தாவுடையது.

நான் படித்துக் காட்டினேன். இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். பிறகு, மெஷினில் பேப்பர் மாட்டு என்றார். அவர் சொன்னதை அப்படியே அடித்தேன்: 'அவர் வந்து கூப்பிட்டால் போகிறேன் என்று நான் சொன்னேன். மோதினாரிடம் சொன்னேன். என் தங்கை மகள் பக்கத்தில் இருந்தாள்.' மூன்று வாக்கியம். தேதி போட்டேன். பேனாவை வாங்கி, முழுப் பெயரையும் எழுதினார். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கும் அளவுக்கு நேரம் ஆயிற்று. மை காயட்டும் என்று காகிதத்தைக் காற்றில் ஆட்டிக்கொண்டே, "பழைய பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், இதைப் பக்கத்தில் ஒட்டினால் போதும் என்று அந்தப் பையனிடம் சொல்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பையன் நின்றபடியே படித்துவிட்டு, உள்ளே போய்ப் பசை டப்பா எடுத்துவந்தான்.